சில்மிஷத்துக்கு ஓர் உதாரணம்

ஜூன் 3

அன்புள்ள கமா,

போனில் பேசினால் மூன்றாம் நிமிடம் சண்டை, நான்காம் நிமிடம் யாராவது ஒருவர் வைத்துவிடுவது என்று ஆகிவிட்டதால், இனிமேல் கடிதம்தான் என்று சொன்னது நீங்கள். சரி. வாரா வாரம் எங்கள் அகராதிப் பக்கங்கள் உங்கள் அச்சகத்துக்கு வருகின்றன. நீங்கள் பிழை திருத்திய புரூஃப் இங்கே திரும்பி வருகிறது. அந்தக் கட்டுக்குள்ளேயே இதையும் வைக்கிறேன். தபால்காரர் பிழைத்துப் போகட்டும்.

முதலில் முக்கியமான விஷயம். என் வேலையை நிரந்தரம் ஆக்குகிறார்களாம். எங்கள் அகராதியின் தலைமை ஆசிரியர் நேற்று கூப்பிட்டு, "ரெண்டு வருஷம் தற்காலிகமா இருந்தது போதும்மா. ஆகஸ்ட் ஒண்ணாம் தேதிக்குள்ள சரியா இல்லையான்னு எழுதிக் கொடுத்துடு" என்றார். சரி என்றால் நான் இனி இந்த ஊரில்தான். புருஷன் அங்கே, பெண்டாட்டி இங்கே என்று இன்னும் எத்தனை நாள்? நீங்கள் இங்கே வருகிறீர்களா, அல்லது நான் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு அங்கே வரட்டுமா? இங்கேயும் அச்சகங்கள் இருக்கின்றன. இங்கேயும் ஜனங்கள் கமாவைத் தப்பான இடத்தில்தான் போடுகிறார்கள். மற்ற எல்லாவற்றுக்கும் பதில் எழுதிவிட்டு இதை மட்டும் விட்டுவிடுவீர்கள் என்று தெரியும். அதனால்தான் முதலிலேயே எழுதிவிட்டேன்.

நாங்கள் 'ச'வில் இருக்கிறோம். நான் சீட்டு என்றாலே லாட்டரியா என்று கேலி செய்வீர்கள், அதனால் மறுபடி சொல்கிறேன். எங்கள் அகராதியில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் உதாரண வாக்கியம் வேண்டும். நாமே இட்டுக்கட்டக் கூடாது. அச்சில் வந்ததாக இருக்க வேண்டும், அல்லது நம் காதால் கேட்டதாக இருக்க வேண்டும். கேட்டதென்றால், சொன்னது சொன்னபடியே ஒரு சீட்டில் எழுதி, சொன்னவர் யார், எந்த இடம், என்ன தேதி என்று குறித்து வைப்போம். பேர் கிடையாது. பால்காரர், பக்கத்து இருக்கைக்காரர் என்று உறவு மட்டும்தான். அதன் பிறகு பேச்சைச் சலவை செய்து எழுத்துத் தமிழாக்கிப் பக்கத்தில் ஏற்றுவோம். சீட்டு இழுப்பறைக்குப் போய்விடும். இழுப்பறைகள் ஏதோ பழைய மருந்துக் கடையில் வாங்கியவை. 'ச' முழுக்க 'இருமல்' என்று எழுதிய இழுப்பறையில் தூங்குகிறது.

இந்த வாரம் முழுக்க எங்களைப் பிடித்து ஆட்டியது சில்மிஷம். சொல்லைத்தான் சொல்கிறேன். சொற்களின் பிறப்பைத் தேடுவதற்கென்றே போன மாதம் ஒருவர் சேர்ந்திருக்கிறார், வேர்க்காரர் என்று கூப்பிடுகிறோம். வடமொழியில் கில்பிஷம் என்று ஒரு சொல் உண்டு, பாவம், குற்றம் என்று பொருள், அது தேய்ந்து இப்படி ஆகியிருக்கலாம் என்பது வேர்க்காரர் கட்சி. "பாவம்தாங்க படியிறங்கி வந்து குறும்பா ஆயிடுச்சு" என்றார். நான் விடவில்லை. மிஷம் என்றால் சாக்கு. சில் என்றால் சின்னது. சின்னச் சாக்கு! பஸ் பிரேக் போட்ட சாக்கில் மேலே வந்து சாய்கிறவன் செய்வது அதுதானே? "நீங்க ஆசைப்படறீங்கங்கறதுக்காக ஒரு சொல் அப்படிப் பிறந்துடாதுங்க" என்று வேர்க்காரர் சிரித்தார். அரைமணி நேரச் சண்டை. சமாதானத்துக்கு வேர்க்காரர் ஓர் ஆரஞ்சை உரித்துப் பாதி கொடுத்தார். கடைசியில் 'பிறப்பு: ஐயம்' என்று எழுதி வைத்திருக்கிறோம்.

எனக்குக் கோபம் வேறு இடத்தில். குழந்தை சர்க்கரை டப்பாவைத் திறந்தாலும் சில்மிஷம். செய்தித்தாளைப் பிரித்தால் 'பெண்ணிடம் சில்மிஷம், ஆசாமி கைது'. அந்தப் பெண் எத்தனை நாள் அந்தப் பஸ்ஸில் ஏறப் பயப்படுவாளோ, இவர்களுக்கு அது சர்க்கரை டப்பா! இரண்டையும் தனித்தனிப் பொருளாகப் போட வேண்டும், கூடவே 'ஒரு சாக்கை வைத்துக்கொண்டு தகாததைச் செய்தல்' என்று மூன்றாவதும் போட வேண்டும் என்றேன். வேர்க்காரரும் இதில் என் பக்கம். ஆனால் மூன்றாவதற்கு உதாரணம் இல்லை. இழுப்பறையில் முப்பத்தொரு சீட்டு இருக்கிறது. எல்லாவற்றிலும் சில்மிஷம் செய்தது வேறு யாரோ. நான் செய்தேன் என்று தானே சொன்ன ஆள் ஒருவர்கூட இல்லை.

பதில் எழுதுங்கள். முதல் கேள்விக்கு.

உங்கள்
வாயாடி


ஜூன் 12

அன்புள்ள வாயாடி,

கடிதம் கிடைத்தது. இரண்டாம் தாளில் ஓர் ஒற்று விட்டுப்போயிருக்கிறது, பென்சிலால் வைத்துவிட்டேன்.

வேர்க்காரர் என்ற சொல் உன் கடிதத்தில் ஐந்து இடத்தில் வருகிறது. குறை சொல்லவில்லை. எண்ணுவது என் தொழில்.

இங்கே எல்லாம் வழக்கம்போல. உன் நாற்காலிக்குப் புதிதாக ஓர் அம்மாள் வந்திருக்கிறார். முன்னே ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவராம். மூலத்தை அவர் உரக்க வாசிக்கிறார், நான் புரூஃபில் பார்த்துக்கொண்டே போகிறேன், நீயும் நானும் செய்ததுபோலத்தான். ஆனால் நீ வாசித்தால் பாதி வரியில் சிரித்து, ஒரு கதை சொல்லி, விட்ட இடத்தை மறந்துவிடுவாய். இவர் அப்படி இல்லை. கமா, முற்றுப்புள்ளி எல்லாவற்றையும் ரயில் எத்தனையாவது பிளாட்பாரத்துக்கு வருகிறது என்று சொல்வதுபோலத் தெளிவாக, இனிமையாகச் சொல்கிறார். மேலாளருக்கு ரொம்பத் திருப்தி. ஒரு நாளைக்கு இருபது பக்கம் கூடுதலாக முடிகிறது.

நேற்று அந்தக் குரலில், "சாரல் அடிக்கும் பக்கத்தில் நான் நின்றுகொள்கிறேன் கமா நீ இந்தப் பக்கம் வா முற்றுப்புள்ளி" என்று வந்தது. சாரல் என்ற சொல்லுக்கு உங்கள் உதாரணம். வாசித்துவிட்டு அந்த அம்மாள், "யாரு சார் இது, இவ்வளவு அக்கறையா ஒரு பொண்ணுகிட்டப் பேசறது?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அந்த வரியின் ஓரத்தில் உன் முத்திரைதான் இருக்கிறது. அப்படியென்றால் இந்தச் சீட்டு எழுதியது நீ.

யார் சொன்னது?

நீ கேட்டதைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன். உன் கடிதம் சிடுசிடுவென்று இருக்கிறது, அதனால் அவசரப்பட்டு எதுவும் எழுத விரும்பவில்லை.

உன்
கமா


ஜூன் 20

அன்புள்ள கமா,

யார் சொன்னது என்றா கேட்கிறீர்கள்? போங்கள்! இதையெல்லாம் என் வாயால் சொல்ல வைக்க வேண்டுமா? சீட்டில் இருப்பதை வெளியே சொல்லக் கூடாது என்பது இங்கே விதி. விதியின் பின்னால் ஒளிந்துகொள்கிறேன்.

என் கடிதம் சிடுசிடுவென்று இருக்கிறதா? நல்ல வாக்கியம் என்று சிடுசிடுப்புக்குச் சீட்டு எழுதப் போனேன். தலைமை ஆசிரியர் கிழித்துப் போட்டுவிட்டார். "கடிதத்துல வந்தது செல்லாதும்மா, போன்ல கேட்டதும் செல்லாது. எதிர்ல நின்னு சொல்லணும், உன் காதால கேட்டிருக்கணும். எழுதறப்ப எல்லாருமே நல்லவங்கதான்" என்றார். உங்கள் சிடுசிடுப்புக்கு அகராதியில் இடமில்லாமல் போயிற்று.

அறிவிப்பாளர் அம்மாள் முற்றுப்புள்ளியைக்கூட இனிமையாகச் சொல்கிறாராக்கும். நான் ஒன்பது வருஷம் உங்களுக்கு முற்றுப்புள்ளி சொன்னேன், இனிமையாக இருக்கிறது என்று ஒரு நாள் வாயைத் திறந்ததுண்டா? இருபது பக்கம் கூடுதலாக முடிகிறதாம். முடியட்டும். என் வாக்கியங்களை இன்னொரு பெண் உங்களுக்கு வாசித்துக் காட்டுகிறாள், அதை நீங்கள் எனக்கே எழுதுகிறீர்கள். அவர் வயதென்ன? கேட்டேன் என்று நினைக்க வேண்டாம். எண்ணுவது உங்கள் தொழில் என்றால் கேட்பது என் தொழில்.

சில்மிஷம் பக்கம் இன்னும் உங்கள் கைக்கு வராது. மூன்றாவது பொருளை எடுத்துவிடலாம் என்கிறார் தலைமை ஆசிரியர். உதாரணம் கிடைக்கும்வரை விடமாட்டேன் என்று நிற்கிறேன். வேர்க்காரர் எனக்காகப் பழைய நாடகப் பிரதிகளை எல்லாம் புரட்டினார், அதிலும் இல்லை. நல்ல மனிதர். நான் பேசுவதைக் கடைசிவரை கேட்கிறார். அப்படி ஒருவர் கேட்பது மறந்தே போயிருந்தது, சொன்னால் என்ன.

முதல் கேள்வி அப்படியே நிற்கிறது. பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

வாயாடி


ஜூலை 1

மதிப்பிற்குரிய துணையாசிரியர் அவர்களுக்கு,

கேள்விக்குப் பதில் சொல்லாமல் வெட்கப்பட்டு 'போங்கள்' என்று எழுதத் தெரிந்திருக்கிறது. அது போதும். எனக்குக் காதில் பூச்சுற்ற வேண்டாம்.

நீங்கள் அனுப்பிய பக்கங்களில் உங்கள் முத்திரை இருப்பதை மட்டும் எடுத்து மறுபடி படித்தேன். இரண்டு நாள் ஆயிற்று. வரிசையாகத் தருகிறேன், நீங்களே பாருங்கள்.

சடை: 'சடை பின்னாதே, தலை காயும்வரை இப்படியே இரு.'

சத்தம்: 'மாடிப்படியில் உன் செருப்புச் சத்தம் கேட்டாலே நான் பேனாவை மூடிவிடுகிறேன்.'

சாரல்: அதுதான் தெரியுமே.

சிரிப்பு: 'நீ சிரிப்பை அடக்கும்போது உன் காது சிவக்கிறது.'

உங்கள் அலுவலகம் மாடியில். நீங்கள் படியேறி வருகிறீர்கள், ஒருவர் பேனாவை மூடிவைக்கிறார். மழையில் ஒருவர் தான் நனைந்துகொண்டு உங்களுக்கு இடம் விடுகிறார். ஈரத் தலையோடு நீங்கள் எதிரில் இருக்கிறீர்கள், பின்னாதே என்கிறார். எந்த அலுவலகத்தில் தலை காயவைக்கிறார்கள்? இட்டுக்கட்டக் கூடாது, கேட்டதாக இருக்க வேண்டும் என்று நீங்களே விதி எழுதினீர்கள். அப்படியென்றால் இதையெல்லாம் ஒருவர் உங்களிடம் சொல்லியிருக்கிறார், நீங்கள் காது குளிரக் கேட்டுவிட்டு வந்து சீட்டு எழுதியிருக்கிறீர்கள்.

சிரிப்பை அடக்கினால் உன் காது சிவக்கும் என்பது உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். அந்த வரியை அந்த அம்மாள் வாசித்தபோது எனக்கு வயிறு பற்றி எரிந்தது. எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தேன். பக்கத்தில் மூன்று பிழையை விட்டுவிட்டேன், மேலாளர் காட்டினார். பதினாறு வருஷத்தில் இது முதல் தடவை.

சில்மிஷத்துக்கு உதாரணம் கிடைக்கவில்லை என்று அலைகிறீர்கள். எதிர் மேசையில் உட்கார்ந்து ஆரஞ்சு உரிக்கிறதே, அதற்குப் பேர் என்ன? வேர் தேடுகிற சாக்கில் அந்த ஆள் செய்வது எல்லாமே சில்மிஷம்தான். எழுதிக்கொள்ளுங்கள்.

இதற்கு நடுவில் நான் அந்த ஊருக்கு வர வேண்டுமா, நீங்கள் இங்கே வர வேண்டுமா என்று ஒரு கேள்வி வேறு.

பிழைதிருத்துநர்


ஜூலை 8

பிழைதிருத்தும் பிரிவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை விளையாடுகிறீர்கள் என்று நினைத்தேன். இரண்டாம் தடவை காதைப் பற்றி எழுதிய இடத்தில்தான் விளையாட்டில்லை என்று புரிந்தது. மூன்றாம் தடவை அழுதேன், ஆனால் நீங்கள் நினைக்கிற காரணத்துக்காக இல்லை.

அந்த நாலு வரியையும் சொன்னவர் யார் என்று நிஜமாகவே உங்களுக்குத் தெரியவில்லை. அப்படித்தானே? சரி. தெரியாதவரிடம் நான் சொல்லப் போவதில்லை.

வேர்க்காரர் ஆரஞ்சு தவிர எதையும் எனக்குக் கொடுத்ததில்லை. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

இனி இந்தக் கட்டுக்குள் புரூஃப் மட்டும் வரும்.

துணையாசிரியர்


ஜூலை 24

கமா,

எழுத மாட்டேன் என்றேன். எழுத வைத்துவிட்டீர்கள்.

புரூஃபில் ஒரு வாக்கியம் சந்தேகமாக இருந்தால், அச்சகத்திலிருந்து மஞ்சள் தாளில் சந்தேகம் எழுதி அனுப்பலாம் என்று ஒரு ஏற்பாடு உண்டு. சந்தேகம் வந்தால் இழுப்பறையிலிருந்து மூலச் சீட்டை எடுத்து, வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் உரக்கப் படித்து, சரிதான் என்று எல்லாரும் ஒப்புக்கொண்ட பிறகு, சீட்டையே அச்சகத்துக்கு அனுப்ப வேண்டும். நான்கு வருஷத்தில் உங்கள் அச்சகத்திலிருந்து மொத்தம் ஆறு மஞ்சள் தாள் வந்திருக்கிறது. போன வாரம் ஒரே கட்டில் நாலு. சடை, சத்தம், சாரல், சிரிப்பு. நாலிலும் உங்கள் அழகான கையெழுத்தில் ஒரே வாசகம்: 'வாக்கியத்தின் மூலம் ஐயத்துக்குரியது. சொன்னவர், இடம், தேதி சரிபார்க்கவும்.'

தலைமை ஆசிரியருக்கு நாம் யார் என்று தெரியாதா? கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "உன் சீட்டுதான்ம்மா, நீயே படிக்கிறியா?" என்று கேட்டார். மாட்டேன் என்றேன். விதி விதிதான் என்று வேர்க்காரரிடம் கொடுத்தார். ஆமாம், அவரிடமேதான். பதினோரு பேர் உட்கார்ந்திருந்த மேசையில் அவர் படித்தார். நான் சுவரில் இருந்த நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சீட்டு நான்கும் இந்தக் கட்டில் வருகின்றன. வேண்டும் என்று கேட்டீர்கள் அல்லவா? எடுத்துப் பாருங்கள். பேசியது பேசியபடியே இருக்கும், நாங்கள் சலவை செய்வதற்கு முன்னால். 'சடை பின்னாத, தலை காயட்டும், அதுவரைக்கும் இப்படியே இரு.' இடம், நம் முதல் வாடகை வீட்டு மொட்டைமாடி. 'உன் செருப்புச் சத்தம் படியில கேட்டாலே பேனாவ மூடிடறேன்.' இடம், அச்சகம், வாசிப்பு அறை. கல்யாணத்துக்கு ஐந்து மாதம் முன்னால், நான் பகல் சாப்பாட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது. சாரல், பஸ் நிறுத்தம். காது, மறுபடி அச்சகம். ஏதோ ஒரு கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளையின் படிப்பு தப்பாக அச்சாகி, நான் சிரிப்பை அடக்க முடியாமல் திணறினேனே, அன்றைக்கு. நான்கிலும் 'சொன்னவர்' என்ற இடத்தில் ஒரே சொல்தான் இருக்கிறது. கணவர். நாம் பழகிய முதலிரண்டு வருஷ டைரியிலிருந்து எடுத்து எழுதினேன். எதிரில் கேட்டது, தேதி இருக்கிறது, எவ்வளவு பழசானாலும் செல்லும்.

நீங்கள் சாரல் பற்றிக் கேட்டபோது நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? அடையாளம் கண்டுபிடித்துவிட்டுத் தெரியாததுபோலக் கேட்கிறார், மறுபடி என்னோடு விளையாடுகிறார் என்று நினைத்தேன். 'போங்கள்' என்று எழுதிவிட்டு அன்று முழுக்க முட்டாள்போல் சிரித்துக்கொண்டிருந்தேன்.

என் முத்திரை இருக்கிற இன்னொரு வரி உங்கள் கண்ணில் படவே இல்லை. சாத்து என்ற சொல்லைப் பாருங்கள். 'கதவைச் சாத்து, சத்தம் வருகிறது.' சொன்னவர், கணவர். தேதி, போன வருஷம் நான் மூன்று நாள் லீவில் வந்தபோது. அந்த மூன்று நாளில் எழுதிக்கொள்வதற்கு எனக்குக் கிடைத்தது அது ஒன்றுதான். அதைப் பார்த்து உங்களுக்குப் பொறாமை வரவில்லை, இல்லையா?

வேர்க்காரர் நான்காவது சீட்டைப் படித்துவிட்டு நான்கையும் ஒன்றாக அடுக்கி வைத்தார். பிறகு, "இப்படிப் பேசற மனுஷனா நாலு மஞ்சத் தாள் அனுப்பினார்?" என்று கேட்டார். அவமானத்தில் எனக்குக் காது சிவந்தது. சிரிப்பை அடக்கினால் மட்டும்தான் என்றில்லை, அழுகையை அடக்கினாலும் சிவக்கும். இது உங்களுக்குத் தெரியாது. கூட இருந்திருந்தால் தெரிந்திருக்கும்.

அந்தச் சீட்டுக்காரர் மேல் உங்களுக்கு வயிறு எரிந்தது என்று எழுதினீர்கள். எனக்கும் எரிகிறது. அவரோடு மொட்டைமாடியில் தலை காயவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளே ஒருத்தி, அவள்மேல். அவளுக்குக் கிடைத்ததெல்லாம் எனக்குக் கிடைக்காமல் போய் எத்தனை வருஷம்!

ஆகஸ்ட் முதல் தேதி நெருங்குகிறது. இனி உங்களைக் கேட்டு எழுதப் போவதில்லை.

வாயாடி


ஜூலை 29

அன்புள்ள வாயாடி,

கட்டு வந்ததும் அறிவிப்பாளர் அம்மாள்தான் பிரித்தார். சீட்டைப் பார்த்துவிட்டு, "மூலம் வந்திருக்கு சார், வாசிக்கட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்று வாங்கிக்கொண்டு, இயந்திர அறைக்குப் பின்னால் காகிதக் கட்டுகள் அடுக்கியிருக்கிற இடத்துக்குப் போனேன். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. நானே எனக்கு உரக்க வாசித்துக்கொண்டேன். சாரல் சீட்டில் 'நின்னுக்கறேன்' என்று வந்ததும் பஸ் நிறுத்தம் முழுசாகக் கண்ணில் வந்துவிட்டது. உன் கையில் அச்சகத்து டிபன் டப்பா. என் இடது தோள் முழுக்க நனைந்திருந்தது. மறுநாள் தும்மினேன், நீ மாத்திரை வாங்கி வந்தாய். 'நின்றுகொள்கிறேன்' என்று அச்சில் பார்த்தபோது அது வேறு யாரோ ஒருவனாக இருந்தான். கஞ்சி போட்டுத் தேய்த்து வந்த சட்டையை என்னுடையது இல்லை என்று சொல்லியிருக்கிறேன்.

ஆனால் சட்டை மேல் பழி போட்டுத் தப்பிக்கப் பார்க்கவில்லை. மறந்துதான் போனேன். இன்னொருவனால் உன்னிடம் இப்படியெல்லாம் பேச முடியும் என்று உடனே நம்பினேன், நானே பேசியிருப்பேன் என்று எனக்குத் தோன்றக்கூட இல்லை. இதை எழுதவே கூசுகிறது.

சாத்து என்ற சொல்லையும் எடுத்துப் பார்த்தேன். திருத்த ஒன்றும் இல்லை. பிழையே இல்லாத வாக்கியம்.

மஞ்சள் தாள் எழுதியது எப்படி என்று சொல்லிவிடுகிறேன். கோபத்தில் எழுதியதில்லை. ஒரு முழு மத்தியானம் உட்கார்ந்து நிதானமாக எழுதினேன். வாசகத்தில் யாரும் குறை கண்டுபிடிக்க முடியாதபடி இருக்க வேண்டும் என்று இரண்டு தடவை மாற்றினேன். வேலை, விதி, அகராதியின் நன்மை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உன் சீட்டு இழுப்பறையைத் திறந்து பார்க்க எனக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அவர்கள் உரக்கப் படிப்பார்கள் என்பதும் தெரியும். அந்த ஆளுக்கு முன்னால் நீ நிற்க வேண்டும் என்று ஒரு மூலையில் ஆசையாகக்கூட இருந்தது. இதையும் எழுதாவிட்டால் மீதி எழுதியதற்கு அர்த்தமில்லை.

வேர்க்காரர் மேல் இன்னும் எரிகிறது. பொய் சொல்லமாட்டேன். நீ பேசுவதைக் கடைசிவரை கேட்கிறார் என்று எழுதினாயே, மற்றதைவிட அதுதான் உள்ளே போய்க் குத்திக்கொண்டிருக்கிறது. அந்த வேலை என்னுடையது. நான்தான் விட்டுவிட்டேன். நீ போன பிறகு இந்த அறையில் பிழை குறைந்துவிட்டது, பக்கம் கூடிவிட்டது, எல்லாரும் பாராட்டுகிறார்கள். பகல் சாப்பாட்டு நேரம் முடிந்து மாடிப்படியில் யாராவது ஏறி வந்தால் கை தானாகப் பேனாவை மூடுகிறது. அந்த அம்மாள் அதைப் பார்த்துவிட்டு, "யாராவது வரணுமா சார்?" என்று கேட்கிறார். அவருக்கு ஐம்பத்தாறு வயது. நீ கேட்டதாக நான் நினைக்கவில்லை.

உன் முதல் கேள்விக்கு நான் பதில் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் பயம்தான். அங்கே நீ துணையாசிரியர், பதினோரு பேர் மேசையில் உனக்கு ஒரு நாற்காலி இருக்கிறது. நான் வந்தால் துணையாசிரியரின் வீட்டுக்காரர். போயும் போயும் ஓர் அகராதி மேல் எனக்குப் பொறாமை. வேர்க்காரர் அப்புறம்தான் வந்தார்.

இதோடு ஒரு சீட்டு வைத்திருக்கிறேன். உங்கள் அளவிலேயே காகிதத்தை வெட்டி எழுதினேன். மூன்றாவது பொருளை எடுத்துவிட வேண்டாம் என்று உங்கள் தலைமை ஆசிரியரிடம் சொல்.

'மஞ்சத் தாள சாக்கா வச்சு என் பொண்டாட்டியோட இழுப்பறையத் தொறந்து பார்த்தேன். சில்மிஷம் பண்ணினது நான்தான்.'

சொன்னவர்: கணவர். இடம்: அச்சகம், காகிதக் கட்டுகளின் பின்புறம். தேதி: மேலே உள்ளது.

நீ 'சரி' என்று எழுதிக் கொடுத்துவிடு. நான் அங்கே வருகிறேன்.

உன்
கமா


ஆகஸ்ட் 3

அன்புள்ள கமா,

முப்பத்தோராம் தேதியே 'சரி' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். உங்கள் கடிதம் மறுநாள்தான் வந்தது. நீங்கள் சொல்லித்தான் கொடுத்தேன் என்று யாரிடமும் பெருமையடித்துக்கொள்ள வேண்டாம்.

உங்கள் சீட்டைத் தலைமை ஆசிரியரிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். வேர்க்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். "முப்பத்திரெண்டாவது சீட்டுல ஒருத்தர் ஒப்புக்கிட்டாருங்க" என்றார் வேர்க்காரர். பிறகு அவருக்கே உரிய பாணியில், "சாக்குன்னு வேற எழுதியிருக்கார். இதனாலெல்லாம் உங்க வேர் சரின்னு ஆயிடாது" என்று என்னிடம் சண்டைக்கு வந்தார். பிறப்பு ஐயம்தான். அதில் மாற்றமில்லை.

சீட்டைத் திருப்பி அனுப்புகிறேன். மூலையில் சிவப்பு மையில் எழுதியிருப்பதைப் பாருங்கள். 'செல்லாது. கடிதத்தில் வந்தது.' தலைமை ஆசிரியரின் கையெழுத்துதான். நான் வாதாடிப் பார்க்கவில்லை. எனக்கும் அவர் கட்சிதான். காகிதக் கட்டுக்குச் சொன்னீர்கள், இயந்திரம் ஓடும்போது சொன்னீர்கள், எனக்கு எழுதி அனுப்பினீர்கள். என் எதிரில் நின்று இன்னும் சொல்லவில்லை.

'ச' பாகம் இருபதாம் தேதி அச்சுக்குப் போகிறது. அதுவரை மூன்றாவது பொருளை நிறுத்தி வைத்திருக்கிறார்கள், கீழே ஒரு வரிக்கு இடம் விட்டிருக்கிறது. அந்தப் பக்கத்தின் புரூஃப் இந்தக் கட்டில் வருகிறது, காலி இடத்தைப் பிழை என்று வட்டம் போட்டுவிடாதீர்கள்.

அறிவிப்பாளர் அம்மாளிடம் சொல்லிக்கொண்டு வாருங்கள். ரொம்ப நேரம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டாம். ஐம்பத்தாறு வயதிலும் குரல் குரல்தான்.

வேர்க்காரரை பஸ் நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு வரமாட்டேன், பயப்படாதீர்கள். நான் மட்டும்தான் வருவேன். தலைக்குக் குளித்திருந்தால் காயாமலே வந்து நிற்பேன். சில்மிஷத்துக்குப் புதுச் சீட்டு ஒன்று எடுத்து, சொன்னவர் கணவர், இடம் பஸ் நிலையம் என்று இப்போதே எழுதிக் கைப்பையில் வைத்துவிட்டேன். தேதியை மட்டும் எழுதவில்லை.

வாயாடி